வரி கட்டாத குடி

பின்கட்டு வீட்டை அந்தப் பெயிண்டருக்கு வாடகைக்கு விட்டது நான்தான். என் கணவரை நான் கேட்கவில்லை. வீடும், அதைத் தாண்டி நாங்கள் கொல்லை என்று சொல்லும் நிலமும் என் அப்பா எனக்கு எழுதிவைத்தவை. சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் எனக்குப் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஒன்றுதான். என் கணவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார். பயிரையும் மாடுகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் ஊரில் பலர் "பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஆடறான்" என்று அவரைத்தான் ஏசினார்கள். அவர் ஆடவே இல்லை.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. பெயரைச் சொல்லப் போவதில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் இப்படி இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தச் சௌகரியத்தை அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

ஒரு கோடையில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த ஆட்களில் ஒருவர் அவர். முப்பத்தைந்து வயது இருக்கும். சுவருக்குப் பட்டி பார்ப்பதில் அவ்வளவு பொறுமை. கடைசி நாள் கை கழுவிக்கொண்டே, பூட்டிக் கிடந்த பின்கட்டைக் காட்டிக் கேட்டார்.

"அக்கா, இது வாடகைக்கு விடுவீங்களா? இந்தப் பக்கம் வேலை நிறைய இருக்கு. கேம்ப்புல இருந்து தினமும் வந்துபோக முடியல."

"எந்தக் கேம்ப்பு?"

"அகதிங்க கேம்ப்பு. நாங்க சிலோன்காரங்க அக்கா. முன்னாலயே சொல்லிடறேன். குடி வந்த பிறகு தெரிஞ்சு காலி பண்ணச் சொன்னீங்கன்னா கஷ்டம். ரெண்டு தடவ அப்படி ஆயிடுச்சு."

அவர் கைக்குழந்தையாக இருந்தபோது வவுனியாவிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். அப்பா வழியிலேயே இறந்துவிட்டார். அம்மா இருக்கிறார். மனைவி அதே கேம்ப்பில் வளர்ந்தவள். எட்டாவது படிக்கிற ஒரு மகள். செக்கிங் நாளில் மட்டும் எல்லாரும் கேம்ப்புக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். மற்றபடி அதிகாரிகளிடம் சொல்லி அனுமதி வாங்கியாயிற்று என்றார். எனக்கு வீடு பாழாகாமல் இருந்தால் போதும். சரி என்றேன்.

குட்டியானை வண்டியில் சாமான் வந்து இறங்கிய அன்றே என் கொழுந்தன் வந்துவிட்டான். கணவரின் தம்பி, ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவன். வாசலில் பைக்கை அணைக்காமலே கேட்டான்.

"இன்னா அண்ணி, யாரைக் கேட்டு அவங்களுக்கு வூடு வுட்டீங்கோ?"

"யாரைக் கேக்கணும்? வூடு யாருதுபா?"

"வூடு உங்களுதுதான். ஊரு எல்லாருக்கும் பொதுவாச்சே. அகதிங்களக் கொண்டாந்து நடு ஊருல வெச்சிட்டீங்க. நாள பின்ன போலீசு வந்துகினே இருக்கும். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டில் போர் முடிந்த வருஷம் இவன்தான் உத்திரமேரூர் சாலையில் மல்லாந்து படுத்துக்கொண்டு பஸ்ஸை மறித்தவன். சாப்பிடாமல் பந்தலில் உட்கார்ந்திருந்தான். நான்தான் எலுமிச்சைச் சாறு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தொப்புள்கொடி உறவுன்னு ஊரெல்லாம் சுவத்துல எழுதி வெச்சியே. அந்த உறவுதான் வந்துகீது. உள்ள போய் விசாரிச்சுட்டுப் போ."

"அது வேற அண்ணி. அது அங்க சாவறவங்களுக்கு. இவங்க இங்க வந்து குந்திகினு கவர்மெண்டு காசு துன்றவங்க."

சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். வெட்கப்பட்டதாகவே தெரியவில்லை. இன்றுவரை அந்தப் பதிலைவிட நேர்மையான ஒன்றை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஊருக்கு முதலில் வேண்டியது ஒரே ஒரு விவரம்தான். அதைக் கண்டுபிடிக்கப் பால் சொசைட்டி வாசலில் ஒருத்தி முயற்சி செய்தாள். எங்கள் தெருக்காரி, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் மாரடித்து அழுகிறவள். பெயிண்டரின் அம்மா பால் வாங்கச் சொம்போடு நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, உரத்த குரல்.

"நீங்க இன்னா ஆளுங்கோ?" என்று கேட்டாள் இவள்.

"நாங்கள் வவுனியா ஆக்கள், பிள்ளை."

"ஊரக் கேக்கல ஆயா. இன்னா ஆளுங்கன்னு கேட்டேன்."

"அதைத்தானே சொல்லுறன். வவுனியா ஆக்கள்."

பின்னால் நின்றிருந்த எனக்கு இரண்டு பேர் கேள்வியும் புரிந்தது. அந்த அம்மா நிஜமாகவே ஊரைத்தான் சொன்னாரா, இல்லை தெரிந்தே அப்படிச் சொன்னாரா என்பது மட்டும் தெரியவில்லை. இவள் என் பக்கம் திரும்பி, "எவ்ளோ கெட்டி பாரு. வாயத் தொறக்குதா?" என்றாள். அடுத்த நாளே தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. மறைக்கிறார்கள் என்றால் சொல்லிக்கொள்ள முடியாத ஆளுங்கதான்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஜில்லாவுலதானமா அந்தக் குண்டு வெடிச்சுது. மறந்துட்டியா?" என்றார். அது நடந்தபோது இந்தப் பெயிண்டர் அம்மா இடுப்பில் இருந்தவர் என்றேன். "ரத்தம் அதானே" என்றார். ஊரில் பெயிண்ட் வேலைக்குப் போகிற இரண்டு பேர், கூலியைக் குறைத்து வேலையைப் பிடுங்குகிறான் என்று மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே கூலிதான் என்று மேஸ்திரி சொன்னதும், "அப்ப நம்ம ஆளுக்குக் குடுக்கற கூலிய அவனுக்கு ஏன் குடுக்கற?" என்று கேட்டார்களாம். ஒரு காலையில் அவருடைய பைக்கின் இரண்டு டயரிலும் ஆணி இறங்கியிருந்தது. அவர் பேரில் வண்டி வாங்குவது லேசில்லை என்பதால் அது மேஸ்திரி பேரில் இருந்த வண்டி. மனிதர் அதை உருட்டிக்கொண்டே மெயின் ரோடு வரை போனார்.

பெயிண்டரின் மகளைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "அகதி" என்று கூப்பிட்டார்கள். அதைத் திட்டாகக்கூடச் சொல்லவில்லை, பெயராகவே சொன்னார்கள். "அகதி, பென்சில் குடு" என்று கேட்டால் அவளும் கொடுத்தாள்.

விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். மரியாதையாகவே பேசினார், அடையாள அட்டையைப் பார்த்தார், என்னிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் இருந்த நேரம் முழுக்கத் தெரு எதிர்ச்சாரியில் நின்று வேடிக்கை பார்த்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று கொழுந்தன் என் கணவருக்குப் போன் போட்டான். என் கணவர் ஷிப்டில் இருந்தார். "சரி" என்று வைத்துவிட்டாராம்.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் முன்னால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வரி தண்டுவார்கள். நாட்டாமையும் நாலைந்து பேரும் வீடு வீடாக வருவார்கள். வரி கொடுத்த வீட்டுக்குத்தான் ஊரின் நல்லதும் கெட்டதும். அன்றைக்கு எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்டு பின்கட்டைத் திரும்பியும் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பெயிண்டர் குளித்துவிட்டு, சட்டையை மாட்டியபடியே பணத்தோடு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, எங்க வீட்டு வரி."

நாட்டாமை எனக்கு மாமா முறை. பணத்தைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

"வேணாம்பா. இது ஊர்க்காரங்க வரி."

"நானும் இங்கதானே இருக்கேன் ஐயா."

"இருக்கறவன் எல்லாம் ஊர்க்காரன் ஆயிடுவானா? பஸ் ஸ்டாண்டுலகூடத்தான் நெறைய பேரு கீறான்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பெயிண்டரும் சேர்ந்து லேசாகச் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வாங்கிக்கோங்க மாமா, அம்மனுக்குத்தானே?" என்றேன். "அம்மனுக்கு ஆளு தெரியும், நீ போம்மா" என்றார். கூழ் வார்த்த நாளில் பெயிண்டர் மனைவி வீட்டிலேயே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, வேப்பிலை வைத்துக் கும்பிட்டாள். நான் இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தேன். கோயிலில் ஊற்றிய கூழுக்குப் போகவில்லை.

ஐப்பசியில் அடைமழை. பெயிண்டரின் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, தேறிவிட்டதாகத்தான் கூட்டிவந்தார்கள். ஒரு காலை நான் பால் கறந்துகொண்டிருந்தபோது பின்கட்டிலிருந்து மருமகளின் குரல் கேட்டது. ஓடினேன். அந்த அம்மாவின் தலை மகன் மடியில் இருந்தது. அவர் தாயின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

மூங்கில் வெட்டிப் பாடை கட்டுகிறவருக்கு ஆள் அனுப்பினேன். "நாட்டாமையக் கேட்டுகினுதான் வருவேன்" என்று பதில் வந்தது. பறை அடிக்கிறவரும் அதையேதான் சொன்னார். மாரடித்து அழுகிறவள் தன் ஜன்னலிலேயே நின்றாள். ஒரு சாவுக்கு அவள் வராமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு குடைகளைப் பிடித்துக்கொண்டு நாட்டாமையும், என் கொழுந்தனும், இன்னும் சிலரும் வந்தார்கள். யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எந்த சுடுகாட்டுக்கு எடுத்துகினு போறதா உத்தேசம்?" என்று நாட்டாமை கேட்டார். பெயிண்டரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

"எந்த சுடுகாடுன்னா? நம்ம சுடுகாடுதான்."

"அது நம்ம ஆளுங்களுது. அவங்க இன்னா ஆளுங்கன்னே இன்னும் தெரியல. காலனி சுடுகாடு கீது, அவங்களக் கேட்டுக்கோ."

"ஒரு பொணத்துக்கு எடம் இல்லியா மாமா இவ்ளோ பெரிய ஊருல?"

"எடம் இருக்குது. வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல? வரி கட்டாத குடிக்கு ஊரு செய்யாது."

நான் கேட்டுக்கு வெளியே வந்தேன்.

"நீங்கதானே வாங்கல? நடுத் தெருவுல நின்னுகினு கெஞ்சினானே!"

"வாங்கல இல்ல? அப்ப கட்டல. அவ்ளோதாம்மா."

இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு மனிதர் குடை பிடித்துக்கொண்டு, நிதானமாக, இரக்கமான குரலில் சொல்ல முடியும் என்று நான் அதற்குமுன் நினைத்ததில்லை.

காலனிக்கு நானே போய்க் கேட்டேன். அங்கே ஒரு பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். "எங்களுக்கு ஒண்ணும் இல்லமா. பாவம், கொண்டாங்கன்னு சொல்லிடுவேன். ஆனா நாளைக்கு ஊரு எங்கள சும்மா வுடுமா? 'நாங்க வேணாம்னத நீங்க எப்டி சேத்தீங்க'ன்னு வரும். எங்களுக்கு இருக்கற பேஜாரே போதும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

திரும்பி வந்து கேட்டருகே நின்றவர்களிடம் சொன்னேன். "யாரு சுடுகாடும் வேணாம். எங்கொல்லியில ஒரு மூலைல வெச்சிடறேன்."

நாட்டாமைக்குப் பின்னால் நின்ற கொழுந்தன் முன்னால் வந்தான். அந்தக் கொல்லையின் ஒரு பக்கம் அவன் நிலம்.

"என் வரப்பாண்ட பொணம் எரிஞ்சா நான் கோர்ட்டுக்குப் போவேன் அண்ணி. சொல்லிட்டேன்."

அதற்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தெரு முழுக்கக் கேட்டது. அவன் பெண்டாட்டி, அவன் கட்சி, அவன் படுத்துக் கிடந்த சாலை, ஒன்றையும் விடவில்லை. பெயிண்டர் வந்து என் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, வேணாம். எங்களால உங்களுக்குள்ள வேணாம். நாங்க கேம்ப்புக்கே கொண்டுபோயிடறோம்." ஆனால் கேம்ப்புக்குப் போகிற வழியில் தரைப்பாலம் மூழ்கி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்று சற்று முன்தான் அவருக்கே போனில் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

நைட் ஷிப்டு முடித்து என் கணவர் அந்த நேரத்தில்தான் வந்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மழையில் நனைந்தபடி, முதுகில் பையோடு. என்ன நடந்தது என்று யாரையும் கேட்கவில்லை. தெரு முனையிலேயே என் குரல் கேட்டிருக்கும். நேராகப் பின்கட்டுக்குப் போய் அந்த அம்மாவைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். உத்திரமேரூரில் அமரர் வண்டி ஓட்டுகிறவருக்குப் போன் செய்தார். காஞ்சிபுரத்தில் எரிவாயு தகனமேடைக்குப் போக வேண்டும், உடனே வா என்றார்.

"அண்ணா, நீயும் கூடப் போறியா?" என்றான் தம்பி.

"பின்ன, கூட யாரு போவா?" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். அண்ணன் தம்பிக்குள் அதுவே கடைசிப் பேச்சாகவும் ஆகிவிட்டது.

பறை இல்லை, பூ இல்லை. நானும் மருமகளும் சேர்ந்து குளிப்பாட்டினோம். என் பெட்டியில் இருந்த ஒரு புதுப் புடவையைக் கட்டினோம். வண்டி கிளம்பியபோது தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவது வழக்கமில்லை. நாங்கள் மூன்று பேரும், அந்தச் சின்னப் பெண் உட்பட, வண்டியில் ஏறிக்கொண்டோம். வழக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓரிக்கையை நெருங்கும்போது பாலாற்றில் செந்நீர் கரைதொட்டு ஓடியது. பாலத்தில் ஆட்கள் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டிக்கு ஒதுங்கி நின்று சிலர் செருப்பைக் கழற்றினார்கள். முன்பின் தெரியாதவர்கள். பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.

தகனமேடையில் இருந்தவர் டாக்டர் சான்றிதழையும் அகதி அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார். ஆதார் இல்லையா என்று கேட்டார், இல்லை என்றோம். யாருக்கோ போன் செய்து பேசினார், எழுதிக்கொண்டார். பிறகு "பெத்த புள்ள யாரு? முன்னால வாப்பா" என்றார். வேறு ஒரு கேள்வியும் இல்லை. ஊரில் ஒரு காலை முழுக்க முடியாதது அங்கே உலையின் கதவு திறந்து மூடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

கருமாதி வரை இருந்துவிட்டுக் காலி செய்கிறோம் என்றார் பெயிண்டர். நான் வேண்டாம் என்று சண்டை போட்டேன். அவர் மனைவி அதுவரை என்னிடம் அதிகம் பேசியதில்லை. வேலைக்கு வெளியே போகாததால் அவளுக்கு இன்னும் மாமியாரின் பேச்சுதான். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"மாமி அங்க இருந்து ஓடிவந்தது, தமிழ் ஆக்கள் எண்டு அடிச்சதாலதான் அக்கா. இஞ்ச ஏன் எண்டு எனக்கு விளங்கேல்ல."

நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன், அவள் கட்டினாள்.

அவர்கள் போன வாரமே தெரு என்னிடம் சகஜமாகப் பேச வந்தது. ஏதோ காய்ச்சலில் இருந்து எழுந்தவளை விசாரிப்பதுபோல. "நல்ல ஆளுங்களா பாத்து வெச்சுக்கோ" என்று இரண்டு பேர் வாடகைக்கு ஆள் சொன்னார்கள். வீட்டைப் பூட்டி வைத்தேன். இன்றுவரை பூட்டித்தான் கிடக்கிறது. கரையான் வந்தாலும் பரவாயில்லை.

அடுத்த ஆடியில் நாட்டாமை வரிக்கு வந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"இருக்கறவன் எல்லாம் ஊர்க்காரன் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க மாமா? நானும் இங்க சும்மா இருக்கறவதான். என்னாண்ட வாங்காதீங்க."

"அகதிக்காக ஊர வுட்டுக்குடுக்கறியா?"

"ஊருதான் என்னை வுட்டுது."

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கோபத்தைக் கொழுந்தன் காட்டினான். என் கொல்லைக்கு அறுப்பு மிஷின் அவன் நிலத்து ஓரமாகத்தான் வர வேண்டும். அங்கே குறுக்கே வாய்க்கால் வெட்டிவிட்டான். அந்தப் போகத்து நெல்லை நான் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து கையால் அறுத்தேன். உள்ளூரில் ஒருத்தியும் அரிவாளோடு வரவில்லை. பாதி நெல் சேற்றில் சாய்ந்து முளைத்துவிட்டது. அவன் மகள் கல்யாணத்துக்கு என் கணவரைக்கூடக் கூப்பிடவில்லை. மண்டபத்து வாசலில் தமிழர் ஒற்றுமையைப் பற்றிப் பெரிய பேனர் வைத்திருந்தானாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இந்த வருஷம் தை மாதம் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்காரர்.

"ஒரு பெயிண்டரு வூடு கேட்டு வந்துகீறாரு. உத்திரமேரூர் பக்கம்னு சொல்றாரு. முன்ன உங்க வூட்டுலதான் குடியிருந்தாராமே. நெசந்தானா?"

எனக்குப் புரிந்துவிட்டது. "நெசந்தான்" என்றேன்.

"சொந்த ஊரே அதானா? அவரு சம்சாரம் பேச்சு ஒரு மாதிரி கீதே, அதான் கேட்டேன்."

"வாடகை ஒழுங்கா குடுப்பாங்க. வூட்ட சுத்தமா வெச்சுப்பாங்க. வேற இன்னா வோணும் உனக்கு?" என்று கத்தினேன். மறுமுனையில் அந்த மனிதர் பயந்துவிட்டார். வீட்டைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பெயிண்டர் போன் செய்தார். வேலை பரவாயில்லை, மகள் பத்தாவது போகப் போகிறாள் என்றார். சிலோன்காரர்கள் என்று வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது, தெரிகிறவரை ஓடட்டும் என்றார். அவர் மனைவி வாசலில் நின்று யாரோடும் பேசுவதில்லையாம். கடைக்குப் போனால் விரலைக் காட்டித்தான் வாங்குகிறாளாம். வீட்டுக்குள் மகள் அவளுக்குப் பேச்சைத் திருத்திக் கொடுக்கிறாளாம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, போனை மனைவியிடம் கொடுத்தார்.

"எப்டி கீறம்மா?" என்று கேட்டேன்.

"நல்லா கீறேன்க்கா. நீங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்கோ?" என்றாள்.

அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. ஒரு சொல் பிசகவில்லை. என் வாழ்நாள் முழுக்க நான் பேசிய பேச்சு எனக்கு அன்று அருவருப்பாக இருந்தது. "மாடு கத்துதும்மா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.